மயக்கக் குழுவுக்கு இன்சார்ஜ் ஆகும் சிஸ்டருக்கு ஒரு பதில்

கேள்வி, சுருக்கமாக: பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, மூன்று ஆபரேஷன் தியேட்டர். கேட்டவர் அங்கே பல வருடமாகத் தியேட்டர் நர்ஸ். நான்கு நர்ஸ்களும் மூன்று அனஸ்தீசியா டெக்னீஷியன்களும் உள்ள மயக்கக் குழுவுக்கு அவரை இப்போது இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள். அவருடைய நாத்தனார் அமெரிக்காவில் நர்ஸ் அனஸ்தீட்டிஸ்ட், அங்கே ஒரு குழுவையே நடத்துகிறார். “அவங்க மாதிரி இங்க நானும் நடத்த முடியுமா? எதுல இருந்து ஆரம்பிக்க? டெக்னீஷியன் பசங்க எம்பேச்சக் கேக்க மாட்டேங்காங்க. சர்ஜன் அவசரப்படுத்துதாவ” என்று கேட்டிருக்கிறார்.

நான் மயக்க மருத்துவர். அரசு வேலையிலும் பிறகு தனியாரிலுமாகத் திருநெல்வேலிச் சீமையிலேயே காலத்தைக் கழித்தவள். உங்களைப் போன்ற இன்சார்ஜ் சிஸ்டர்களின் தயவில்தான் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் நாத்தனார் விஷயத்தை முடித்துவிடலாம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் நர்ஸ் மயக்கம் கொடுப்பது நூறு வருடத்துக்கும் மேலான வழக்கம். மேயோ கிளினிக்கில் வேலை பார்த்த ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ், 14,000-க்கு மேற்பட்ட மயக்கங்களைப் பற்றி 1906-லேயே எழுதி வெளியிட்டார். 1931-ல் அகதா ஹாட்ஜின்ஸ் முன்னின்று அவர்களுக்கென்று ஒரு சங்கமும் வந்துவிட்டது. இன்று அங்கே சி.ஆர்.என்.ஏ., அதாவது சான்றிதழ் பெற்ற நர்ஸ் அனஸ்தீட்டிஸ்ட், ஆக வேண்டுமென்றால் நர்சிங் பட்டம் வேண்டும், குறைந்தது ஒரு வருடமாவது தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்திருக்க வேண்டும், அதற்குமேல் முழுநேரப் படிப்பு, தேசியத் தேர்வு. 2022-லிருந்து சேருகிறவர்கள் எல்லாரும் முனைவர் நிலைப் படிப்பை முடித்தாக வேண்டும். ஒரு மயக்க மருத்துவர் ஒரே நேரத்தில் நான்கு தியேட்டர் வரை வழிநடத்தலாம் என்பது அங்கே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் கணக்கு. 2001-ல் வந்த விதிப்படி, விரும்புகிற மாநிலம் மருத்துவர் மேற்பார்வை என்ற நிபந்தனையிலிருந்தே விலகிக்கொள்ளலாம். அயோவா மாநிலம்தான் முதலில் விலகியது. உங்கள் நாத்தனார் நடத்துவது, தன் கையெழுத்தில் தானே மயக்கம் கொடுக்க உரிமம் உள்ளவர்களின் குழு.

உங்களுடையது அதுவல்ல. இந்தியாவில் நர்ஸுக்குத் தனியாக மயக்கம் கொடுக்கும் உரிமம் என்று ஒன்று கிடையாது. டெக்னீஷியனுக்கும் கிடையாது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அறுவை மற்றும் மயக்கத் தொழில்நுட்பப் பணியாளர்களை ஒரு தொழிலாக அங்கீகரித்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அது அவர்களை மயக்க மருத்துவர் இடத்தில் உட்கார வைக்கவில்லை. இன்னொன்றையும் பாருங்கள். கிராமப்புறத்தில் பிரசவ அவசரத்துக்கு மயக்க மருத்துவர் கிடைக்காமல் தாய்மார்கள் சாகிறார்கள் என்று அரசு கவலைப்பட்டபோதுகூட, எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு உயிர்காக்கும் மயக்கப் பயிற்சி கொடுத்துத்தான் சமாளித்தார்களே தவிர நர்ஸ்களிடம் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. அது சரியா தப்பா என்பது வேறு வாதம். அவ்வளவு முட்டிய காலத்திலும் அரசு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்பதை மட்டும் மனசில் வையுங்கள். பேட்ஜில் ‘நர்ஸ் அனஸ்தீட்டிஸ்ட்’ என்று போட்டுத் தருகிறோம் என்று நிர்வாகம் ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏதாவது ஆகிவிட்டால் அந்த பேட்ஜ்தான் முதல் சாட்சியாக வந்து நிற்கும்.

ஆக நாத்தனாரிடம் அதிகாரத்தைக் கேட்காதீர்கள், பழக்கங்களைக் கேளுங்கள். அவருடைய தியேட்டரில் காலையில் மெஷினை யார் எப்படிச் சோதிக்கிறார்கள், மருந்தை எப்படி லேபிள் ஒட்டுகிறார்கள், கேஸ் கைமாறும்போது என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள், இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். இன்சார்ஜ் என்றால் டியூட்டி போடுவது, லீவு கொடுப்பது, ஸ்டாக் எழுதுவது என்று நினைப்பார்கள். அதெல்லாம் இருக்கிறதுதான். ஆனால் என்னைக் கேட்டால், குழுவில் யாராவது “இல்லை” என்று சொல்ல நேர்ந்தால் அதன் பாரத்தை உங்கள் தலையில் வாங்கிக்கொள்வதுதான் இன்சார்ஜின் முதல் வேலை. நேற்று வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு சர்ஜனைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வராது. “இன்சார்ஜ் சிஸ்டர் செய்யக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ சார்” என்று சொல்ல வாய் வரும். அந்த ஒரு வாக்கியத்தை அவர்களுக்குச் சம்பாதித்துக் கொடுங்கள்.

எப்படி வரும் இந்தச் சந்தர்ப்பம்? ராத்திரி ஒரு மணி. சிசேரியன். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது. மயக்க டாக்டர் டவுனிலிருந்து கிளம்பிவிட்டார். மகப்பேறு டாக்டர் கை கழுவிவிட்டு நிற்கிறார். “டாக்டர் பாலத்துக்கிட்ட வந்துட்டாவளாம், அஞ்சு நிமிசம். நீ கீட்டமின் போட்டு ஆரம்பி, நான் பாத்துக்கிடுதேன்.” அவர் கெட்டவர் இல்லை, அந்தக் குழந்தைக்காகத்தான் துடிக்கிறார். அதனால்தான் மறுப்பது இவ்வளவு கஷ்டம். ஆனால் மயக்கத்தில் ஒரு கர்ப்பிணி வாந்தியெடுத்து அது நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அதைச் சமாளிக்கத் தன்னால் முடியாது என்பதும் தெரியும். சொல்ல வேண்டிய பதிலை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்து வையுங்கள்: “மருந்து எடுத்து வச்சாச்சு சார், ஸ்பைனல் ட்ரே திறந்தாச்சு, ஐ.வி. ஓடுது, பேஷண்ட்ட இடது பக்கமா சாச்சிருக்கோம், ஆக்ஸிஜன் வச்சாச்சு. டாக்டர் கால வச்சதும் ஆரம்பிச்சிரலாம்.” வெறும் இல்லை சர்ஜனுக்குக் கோபம் வரவைக்கும். இத்தனையும் தயார் என்று சேர்த்துச் சொல்லும்போது அதே இல்லையில் அவருக்கும் ஒரு பிடி கிடைக்கிறது.

அடுத்த நாள் காலையில் அந்த டாக்டரிடம் போய்ப் பேச வேண்டியது நீங்கள்தான், அந்தப் பிள்ளை அல்ல. பேசுவதற்கு முன்னாலேயே ஒரு தாள் தயாராக இருக்கட்டும். ‘மயக்க மருத்துவர் தியேட்டருக்குள் இல்லாமல் மயக்க மருந்து எதுவும் தொடங்கப்படாது, ஸ்பைனல் (முதுகில் போடும் மரப்பு ஊசி), எபிடியூரல் டாப்-அப் (முதுகில் வைத்த குழாய் வழியே கூட்டிக் கொடுக்கும் மரப்பு மருந்து) உட்பட’ என்று இரண்டு வரி போதும். அதில் மருத்துவக் கண்காணிப்பாளரும் மயக்கத் துறைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பை ஏற்குமுன்னாலேயே வாங்கிவிடுங்கள். அப்போதுதான் நிர்வாகம் உங்களிடம் தேனாகப் பேசும். ஒரு மாதம் போனால் கையெழுத்துப் போட ஆயிரம் யோசிப்பார்கள்.

இங்கிலாந்தில் நடந்த ஒரு சாவைப் பற்றி உங்கள் குழுவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 2005 மார்ச் மாதம். எலெய்ன் ப்ரோமிலி, வயது 37, இரண்டு குழந்தைகளின் தாய். சைனஸ் அறுவைக்காகப் போனவர். மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுக்குழாய்க்கு வழி கிடைக்கவில்லை, ஆக்ஸிஜனும் ஏற்ற முடியவில்லை. அனுபவமுள்ள டாக்டர்கள் மூன்று பேர் நின்றுகொண்டு திரும்பத் திரும்பக் குழாய் போட முயன்றார்கள். அப்போது ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் டிராக்கியாஸ்டமி செட்டை எடுத்து வந்து, வந்துவிட்டது என்று சொன்னார். இன்னொரு நர்ஸ் ஐ.சி.யூ.வுக்குப் போன் செய்து படுக்கை கேட்டார். டாக்டர்கள் பார்த்த பார்வையில், தான் தேவையில்லாமல் பதறிவிட்டோமோ என்று தோன்றி அதை ரத்தும் செய்துவிட்டார். எலெய்ன் 13 நாள் கழித்து இறந்துபோனார். என்ன செய்ய வேண்டும் என்று அந்த அறையில் இருந்த நர்ஸ்களுக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி விமான ஓட்டி. விமான ஓட்டும் அறையில் இளையவன் மூத்தவனைத் தடுத்துப் பேசத் தனியாகப் பயிற்சியே கொடுக்கிறார்களே, ஆஸ்பத்திரியில் ஏன் இல்லை என்று கேட்டு, அதற்காகவே 2007-ல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

நம்மூரில் இது இன்னும் கடினம். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்த பிள்ளைகள். அதனால் தைரியமாகப் பேசு என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை, வாக்கியங்களையே கொடுத்துவிட வேண்டும். மூன்று படி. முதல் படி, கண்ணில் பட்டதை மட்டும் சொல்வது: “சார், கேப்னோல கோடு வரல.” பதில் இல்லையா, இரண்டாவது படி: “சார், எனக்குப் பயமா இருக்கு, குழாய் சரியான எடத்துல இல்லன்னு நினைக்கேன்.” அதற்கும் அசைவில்லையா, மூன்றாவது: “சார், நிறுத்துங்க. ரெண்டாவது டாக்டரக் கூப்பிடுதேன்.” கூப்பிட்டுவிட வேண்டும், அனுமதிக்காகக் காத்திருக்கக் கூடாது. இந்த மூன்று வாக்கியத்தையும் உங்கள் மயக்க டாக்டரே குழுவின் முன்னால் நின்று சொல்லட்டும்: “எங்கிட்ட இப்படிச் சொன்னா நான் கோபப்பட மாட்டேன், சொல்லாம இருந்தாத்தான் கோபப்படுவேன்.” அவர் வாயிலிருந்து ஒருமுறை வந்துவிட்டால் நீங்கள் பத்து வகுப்பு எடுத்ததற்குச் சமம். சொல்ல மறுக்கிற டாக்டராக இருந்தால், எந்த லிஸ்டில் உங்கள் பிள்ளைகளைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துபோகும்.

கேப்னோகிராஃப் என்றதும் ஒன்று. வெளிமூச்சில் கரியமில வாயு வருகிறதா என்று காட்டும் அந்த அலைக்கோடு இல்லாமல் பொது மயக்கக் கேஸ் எதையும் தொடக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி. குழாய் உணவுக்குழாயில் போயிருந்தாலும் நெஞ்சு தூக்குவதுபோல் தெரியும், ஸ்டெதாஸ்கோப்பில் காற்றுச் சத்தம் கேட்பதுபோலவும் இருக்கும். முன்னாலேயே ஆக்ஸிஜன் கொடுத்திருந்தால் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் சில நிமிடம் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கோடுதான் ஏமாற்றாது. கோடு இல்லையென்றால் குழாய் தப்பான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

காலை வேலையைப் பற்றி. ஏழரைக்கு முதல் கேஸ் என்றால் ஆறே முக்காலுக்கு மெஷின் முன்னால் ஆள் இருக்க வேண்டும். என்னென்ன சோதிக்க வேண்டும் என்பது மெஷின் கம்பெனிக்காரன் கொடுத்த அட்டையிலேயே இருக்கும், அதை மறுபடி எழுதப்போவதில்லை. அட்டையில் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களைக் கண்டுபிடிக்க மட்டும் ஒரு வழி சொல்கிறேன். டிக் அடித்தவரையே கூப்பிட்டு, “பைப்லைன் ஆக்ஸிஜன் இப்ப நின்னுபோச்சு, என்ன செய்வ?” என்று கேளுங்கள். கை தானாக மெஷினுக்குப் பின்னால் உள்ள சிலிண்டர் சாவிக்குப் போனால் சோதித்திருக்கிறார். சாவியைத் தேடினால் டிக் மட்டும்தான் அடித்திருக்கிறார். ஒவ்வொரு தியேட்டரிலும் மெஷினை நம்பாமல் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் ஒன்றும், நிறைந்த தனி ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மெஷின், கரண்ட், பைப்லைன் எல்லாம் போனாலும் அந்த இரண்டும் உயிரைப் பிடித்து வைக்கும்.

சிலிண்டர் கணக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர், ஜம்போ என்கிற டி டைப்பில் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் பி டைப் 150 நிமிடம்தான் வரும், அதுவும் கடைசிச் சொட்டு வரை நம்பினால். ஒரு நோயாளியை வென்டிலேட்டரோடு மதுரைக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். கோவில்பட்டியில் ஒரு டீக்கடை நிறுத்தம், கப்பலூரில் ஒரு நெரிசல், அவ்வளவுதான், ஊர் போய்ச் சேருமுன் முள் சிவப்புக்கு வந்துவிடும். இந்தக் கணக்கைப் போட வேண்டியது ஆம்புலன்ஸ் டிரைவர் அல்ல, கூடப் போகும் உங்கள் ஆள்.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் நீட்டித்தே சொல்கிறேன், ஏனென்றால் மயக்கக் குழுவில் நர்ஸ் தன் பெயரைக் காப்பாற்றுவதும் கெடுத்துக்கொள்வதும் மருந்துத் தட்டில்தான். சிரிஞ்சு லேபிளுக்குச் சர்வதேச நிறக் கணக்கு இருக்கிறது. மயக்கம் தொடங்கும் மருந்துக்கு மஞ்சள், தசை தளர்த்திக்குச் சிவப்பு, ஃபென்டனில் வகைக்கு நீலம், மிடாசோலம் வகைக்கு ஆரஞ்சு, ரத்த அழுத்தம் ஏற்றும் மருந்துக்கு ஊதா, மரத்துப்போகும் மருந்துக்குச் சாம்பல், அட்ரோபின் வகைக்குப் பச்சை. அச்சடித்த ரோல் வாங்கித் தரவில்லையென்றால் கலர் ஸ்டிக்கரை வெட்டியாவது ஒட்டுங்கள். மருந்தை எடுத்தவரே, எடுத்த கையோடு ஒட்ட வேண்டும். லேபிள் இல்லாத சிரிஞ்சு யாருடையது என்று விசாரணையெல்லாம் வேண்டாம், நேராகக் குப்பை.

சிசேரியன் தியேட்டரில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்பைனலுக்குப் போடும் பூபிவாக்கெய்ன் ஆம்பூலும், ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் ஆம்பூலும் பல கம்பெனிகளில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே கேஸுக்குத் தேவை, அதனால் ஒரே டிராலியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். டிரானெக்ஸாமிக் ஆசிட்டைத் தவறுதலாக முதுகுத் தண்டில் போட்டுவிட்டால் வலிப்பு வரும், இதயம் தாறுமாறாக அடிக்கும், அப்படி ஆனவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிழைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. தீர்வு மிக எளிது. அந்த ஆம்பூலை மயக்க டிராலியிலிருந்தே வெளியேற்றி, வேறு அலமாரியில் பூட்டுங்கள். நாளைக் காலையில் செய்யக்கூடிய வேலை, பைசா செலவில்லை.

தசை தளர்த்திகளான ஸ்கோலினும் அட்ராகூரியமும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை ஃப்ரிட்ஜ் என்ன பாடு படுகிறது என்று தெரிய ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள், காலையும் மாலையும் எழுதச் சொல்லுங்கள். அதே ஃப்ரிட்ஜில் யாராவது தயிர்ச்சாத டப்பா வைத்திருந்தால் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். இதில் தாட்சண்யம் பார்த்தால் அடுத்த வாரம் ஐஸ்கிரீம் வரும்.

ஃபென்டனில், மார்ஃபின் ரெஜிஸ்டர் உங்கள் பெயரில் இருக்கும். கையிருப்பு, யாருக்கு, எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு கொட்டியது, மீதி எவ்வளவு, இரண்டு கையெழுத்து. காலி ஆம்பூல் எண்ணி வர வேண்டும். மிச்சத்தைக் கொட்டுவதைச் சாட்சி கண்ணால் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். நாள் முடிவில் மொத்தமாகப் போடும் கையெழுத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. வெளியே யாரும் பேசுவதில்லை, ஆனால் இந்த மருந்துக்கு அடிமையாவது எங்கள் தொழிலில் உள்ள ஆபத்து, டாக்டரும் விதிவிலக்கல்ல. கணக்கு அடிக்கடி ஒரே ஆளின் டியூட்டியில் இடித்தால், திருட்டு என்று சத்தம் போடாமல் துறைத் தலைவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அந்த ஆளுக்குச் சிகிச்சை தேவைப்படலாம்.

டெக்னீஷியன் பையன்கள் பேச்சைக் கேட்பதில்லை என்றீர்களே. அவர்கள் பக்கமும் கொஞ்சம் யோசியுங்கள். பி.எஸ்சி. மயக்கத் தொழில்நுட்பம் என்று இதையே வருடக்கணக்கில் படித்து வந்தவர்கள். மெஷினை அக்கக்காகக் கழற்றி மாட்டுவார்கள். நர்ஸ் எங்களுக்கு எப்படி இன்சார்ஜ் என்று உள்ளுக்குள் ஒரு குமைச்சல் இருக்கும். நீங்கள் மெஷினைப் பற்றி அவர்களுக்குப் பாடம் எடுத்தால் அன்றோடு முடிந்தது கதை. மெஷின், சர்க்யூட், காற்றுவழி டிராலி முழுக்க அவர்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், மருந்தும் நோயாளியும் நர்ஸ் பொறுப்பு. அவரவர் பகுதிக்கு அவரவர் கையெழுத்து. புது நர்ஸுக்கு, மயக்க மருந்தை ஆவியாக்கிக் கலக்கும் வேப்பரைசரைச் சொல்லிக்கொடுக்க டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள், மற்றவர்கள் முன்னிலையில் கூப்பிடுங்கள். மரியாதை கிடைத்த இடத்தில் பையன்கள் மல்லுக்கு நிற்க மாட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு தியேட்டரிலும் ஓர் அண்ணாச்சி இருப்பார், இருபது வருடமாக டிராலி தள்ளுகிறவர். எந்த சக்ஷன் எப்போது மக்கர் செய்யும், எந்த சர்ஜன் எப்போது கத்துவார் என்று அவருக்குத்தான் தெரியும். காலைக் கூட்டத்துக்கு அவரையும் நிறுத்துங்கள்.

டியூட்டி சார்ட் போடுவது இந்த ஊரில் தனிக் கலை. உங்கள் நர்ஸ்களில் பாதிப் பேர் கிறிஸ்தவப் பிள்ளைகளாக இருப்பார்கள், பாளையங்கோட்டையில் வேறெப்படி இருக்கும்? டிசம்பர் 24 ராத்திரி எல்லாரும் லீவு கேட்பார்கள். பங்குனி உத்திரத்துக்கு மற்ற பாதி குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பும், அதை மறுத்தால் வீட்டில் பெரியவர்கள் வரை மனஸ்தாபம். ரம்ஜானுக்கு மேலப்பாளையத்துப் பிள்ளை கேட்கும். ஜனவரியிலேயே இந்த நாட்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை அவர்களையே பேசி முடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் போட்டால் பாரபட்சம் என்பார்கள், அவர்களே போட்டுக்கொண்டால் ஒப்பந்தம்.

ஆன்-கால் ஆளைப் போடும்போது ஆற்றையும் பாருங்கள். தாமிரபரணிக்கு டவுன் பக்கம் யார், பாளை பக்கம் யார்? ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிக்காரரை ஆன்-கால் போட்டால் அவர் வண்டியை எடுக்கவே முடியாது. 2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, இங்கே ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே முங்கிப்போனது. அப்படி ஒரு நாளில் ஆஸ்பத்திரிக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒரு நர்ஸும் ஒரு டெக்னீஷியனும் இருக்கிறார்களா என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஆக்ஸிஜன் சிலிண்டர் வரும் வழியையும் கேட்டு வையுங்கள். அந்த வழி அடைபட்டால் கையிருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று எழுதி வையுங்கள்.

நோயாளியை வார்டிலிருந்து வாங்கும்போது கேட்கும் கேள்விகளில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒன்று, வயிறு காலியா? திட உணவுக்கு 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8, தாய்ப்பாலுக்கு 4, தெளிந்த தண்ணீருக்கு 2. பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது. “ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் எல்லாரும் “ஒண்ணுமில்ல” என்றுதான் சொல்வார்கள். “காலைல காபி குடிச்சீங்களா, கூட என்ன, முறுக்கா பிஸ்கெட்டா?” என்று கேளுங்கள். “ஒரே ஒரு பிஸ்கெட் தொட்டுக்கிட்டேன்” என்று உண்மை வரும். கூட வந்த ஆச்சியிடம் தனியாகக் கேட்டால் இன்னும் விவரமாக வரும்.

இரண்டாவது, கொஞ்ச நாளைக்குள் பூச்சிமருந்து குடித்த சம்பவம் உண்டா? இது விவசாயச் சீமை, கேட்கக் கூச்சப்படக் கூடாது. ஆர்கனோபாஸ்பரஸ் வகை விஷம் உடம்பில் ஒரு நொதியை முடக்கிவிடும். ஸ்கோலினை உடைப்பது அதே நொதிதான். சாதாரணமாகச் சில நிமிடத்தில் தெளிய வேண்டிய தசைத் தளர்வு அப்படிப்பட்டவர்களுக்கு மணிக்கணக்கில் நீடிக்கும், மூச்சு திரும்பாது. குடும்பத்தார் மறைப்பார்கள். வார்டில் எல்லார் முன்னாலும் கேட்காமல், தியேட்டர் வாசலில் மெதுவாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொன்னதை உடனே டாக்டர் காதில் போட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில் அறுவைச் சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது. ஆனால் மயக்கத்துக்கு முன், கத்தி வைக்குமுன், தியேட்டரை விட்டுப் போகுமுன் என்று மூன்று தடவை வாய்விட்டுப் படித்தால்தான் அதற்குப் பலன். சாயங்காலம் உட்கார்ந்து பதினைந்து கேஸுக்கும் சேர்த்து டிக் அடிக்கிற தியேட்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரெக்கவரி அறைக்கு உங்கள் கெட்டிக்கார நர்ஸைப் போடுங்கள், புதுப்பிள்ளையை அல்ல. கேஸ் முடிந்தது என்று எல்லாரும் மூச்சு விடுகிற நேரத்தில்தான் நோயாளி மூச்சை விடாமல் போவது. மயக்கம் எவ்வளவு தெளிந்தது என்று அளக்கும் ஆல்டிரேட் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது வராமல் வார்டுக்கு அனுப்பக் கூடாது, எந்த வார்டு நர்ஸ் போனில் எரிச்சல் பட்டாலும்.

வாரத்துக்கு ஒருமுறை, லிஸ்ட் தொடங்குமுன் கால் மணி நேரம் ஒத்திகை வையுங்கள். பொம்மை, புரொஜெக்டர் எதுவும் வேண்டாம். ஒரு தலையணை நோயாளி போதும். இந்த வாரம் ஆக்ஸிஜன் நின்றது, அடுத்த வாரம் குழாய் போகவில்லை, அதற்கடுத்து ஊசி ஒவ்வாமை. மரப்பு மருந்து ரத்தத்தில் ஏறி வலிப்பு வந்தால் 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (நரம்பில் ஏற்றும் கொழுப்புக் கரைசல்) கிலோவுக்கு 1.5 மி.லி. 60 கிலோ ஆளுக்கு 90 மி.லி. அந்தப் பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும். அட்ரினலின் 1 மில்லிகிராமைப் 10 மி.லி.யாக்கினால் ஒரு மி.லி.யில் 100 மைக்ரோகிராம். எவ்வளவு போடுவது என்று டாக்டர் சொல்வார், கலக்கும் கணக்கில் உங்கள் பிள்ளை தடுமாறக் கூடாது.

இத்தனையும் சொல்லிக்கொடுத்து ஆளாக்கிய பிள்ளை இரண்டு வருடத்தில் சவூதிக்கோ ஜெர்மனிக்கோ போய்விடும். போகட்டும், கோபப்படாதீர்கள், அனுபவச் சான்றிதழை இழுத்தடிக்காதீர்கள். போகுமுன் தனக்கு அடுத்த ஆளுக்கு ஒரு மாதம் பழக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள். நல்லவிதமாக அனுப்பினால் அதே பிள்ளை அங்கிருந்து தன் தங்கச்சியை உங்களிடம் வேலைக்கு அனுப்பும். உங்களுக்கே மேலே படிக்க ஆசை என்றால் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் இரண்டு வருட முதுகலைப் படிப்பு இருக்கிறது. மயக்கம் கொடுக்கும் உரிமம் தராது, ஆனால் வென்டிலேட்டரும் மருந்தும் இன்னும் ஆழமாகப் புரியும். நாத்தனார் வழியில்தான் போக வேண்டும் என்றால் அங்கே போய் நர்ஸ் உரிமம் எடுத்து, ஐ.சி.யூ.வில் வேலை பார்த்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே பார்த்த இன்சார்ஜ் வேலையை அதில் கழித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக, பொறுப்பேற்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை. மேலே சொன்ன இரண்டு வரித் தாள். மூன்று தியேட்டருக்கும் கேப்னோகிராஃப், ஒன்று வாங்கி மூன்றுக்கும் தள்ளிக்கொண்டு போகிற ஏற்பாடு வேண்டாம். லேபிள் ரோல். ராத்திரியில் ஒரு நர்ஸ், ஒரு டெக்னீஷியன் என்று எப்போதும் இரண்டு பேர். இன்சார்ஜ் அலவன்ஸ் எவ்வளவு என்பதையும் கேட்டுவிடுங்கள், அதில் கூச்சம் எதற்கு? எல்லாவற்றையும் உடனே தர மாட்டார்கள். கேப்னோகிராஃபையும் அந்தத் தாளையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவை இரண்டும் இல்லையென்றால் பழையபடி தியேட்டர் நர்ஸாகவே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.